உங்கள் பெயர் எழுதிய பலகை

ஜார்ஜியா, மில்லெட்ஜ்வில் அருகே
டிசம்பர், 1864

அன்பான எல்கானாவுக்கு, உங்கள் கெசியா எழுதுவது. நானும் மகள் டாபிதாவும் உயிரோடு இருக்கிறோம். அந்தப் பீட்டர்ஸ்பர்க் போர்முனைப் பதுங்குகுழியில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஆண்டவரை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். செப்டம்பருக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. வடக்குப் படை தண்டவாளங்களைப் பிடுங்கிப் போட்டதால்தான் தபால் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நம் வீட்டுக்கும் வந்தார்கள். மாடு, கோழி, சோளம் எல்லாம் போச்சு. களஞ்சியத்துக்குத் தீ வைத்தார்கள். என் இரும்புச் சட்டியைத் தூக்கிய ஒருவன், 'மன்னிச்சுக்கம்மா, மேலிடத்து உத்தரவு' என்றான். சட்டிக்குமா உத்தரவு போடுவார்கள் என்று கேட்டேன். சட்டியைக் குதிரையில் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

பக்கத்துத் தோட்டத்து அடிமைகள் விடுதலை தேடி அந்தப் படைக்குப் பின்னாலேயே நடந்துவிட்டார்கள். அங்கே சமையல் செய்த ஹெஸ்டர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நம் வாசலில் நின்று, 'போய்ட்டு வர்றேன்னு சொல்ல மாட்டேன் கெசியாம்மா, போறேன்' என்றாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நான் சொல்வதற்குக் கோபப்படாதீர்கள். படை வருமுன் இரண்டு பன்றிகளையும் அறுத்தேன். கடையில் உப்பு கிடைக்காததால், கறிக்குப் புகைபோடும் கொட்டகையின் உப்பூறிய மண்ணைக் காய்ச்சி உப்பெடுத்து, கறியில் தடவிப் பெட்டியில் அடைத்துப் புதைத்தேன். இங்கே எல்லோரும் கறியைக் கல்லறைபோல் புதைத்துத்தான் ஒளித்தார்கள். போர்வீரன் கல்லறையை யாரும் தொட மாட்டார்கள் என்று நினைத்து, மேட்டில் நட்ட பலகையில் உங்கள் பெயரை எழுதினேன். உயிரோடிருப்பவர் பெயரைக் கல்லறையில் எழுதக் கூடாது என்று தெரியும். ஆனாலும் எழுதினேன்.

அந்தப் படைவீரர்கள் அடுத்திருந்த பர்விஸ் வீட்டுப் பொய்க்கல்லறையைத் தோண்டிக் கறியை எடுத்துவிட்டு, 'இந்த ஊர்ல செத்தவங்க எல்லாம் பன்னிக்கறியாவா ஆயிடறாங்க?' என்று சிரித்துக்கொண்டே நம்மிடம் வந்தார்கள். இது என் கணவர் என்றேன். நம்பாமல் மண்வெட்டியை ஓங்கினான் ஒருவன். டாபிதாவிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. பாவி நான்! பிள்ளை மண்மேட்டின் மேல் விழுந்து, 'அப்பாவை வெட்டாதீங்க' என்று அலறினாள். அவன் பின்வாங்கித் தொப்பியைக் கழற்றினான். மேட்டைத் தொடாமலே போய்விட்டார்கள்.

அவர்கள் மறைந்ததுமே அவளிடம் உண்மையைச் சொன்னேன். 'அவங்ககிட்டயும் பொய் சொன்னே, என்கிட்டயும் சொல்றே. அப்பா நல்லா இருந்தா ஏன் கடுதாசி வரல?' என்று கேட்கிறாள். தோண்டிக் காட்டப் போனால் என் கையைக் கடிக்கிறாள். பகலெல்லாம் அந்த மேட்டிலேயே படுத்துக் கிடக்கிறாள். படைக் குதிரைகள் சிந்திய சோளத்தைப் பொறுக்கிக் கஞ்சி காய்ச்சுகிறேன். எலும்பும் தோலுமாகிவிட்டாள்.

இரவில் அவள் வீட்டுக்குள் தூங்கும்போது தோண்டலாமே என்பீர்கள். போனேன். மண்வெட்டியைத் தூக்க எனக்கும் கை வரவில்லை. கறியை என் கையால்தான் வைத்தேன், எனக்கே தெரியும். இருந்தும் பயமாக இருக்கிறது, எல்கானா.

காலில் குண்டுபட்டு வந்திருந்த நம்மூர் ஆமோஸ், காயம் ஆறி மறுபடி படைக்குப் போகிறார். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு எழுதாவிட்டாலும் அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்து அவளுக்குத் தெரியும். இல்லாவிட்டால் வந்துவிடுங்கள். படையைவிட்டு ஓடிவந்தவன் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும். வந்து அந்தப் பலகையை உங்கள் கையாலேயே பிடுங்கிப் போடுங்கள். அதுவரை ஆண்டவர் உங்களைக் கைவிடாமல் காக்கட்டும்.

இன்னும் உங்கள் மனைவிதான் என்று நம்பும்,
கெசியா