கொட்டாம்பட்டி விலாசம்

11 ஜூன் 2004
இன்றும் ரேஷன் கார்டு கிடைக்கவில்லை. பழைய கார்டில் பெயர் நீக்கிய சான்று வேண்டுமாம். அந்தக் கார்டு கொட்டாம்பட்டியில் சூரியபிரகாஷ் கையில். அவனை விட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அடித்த புருஷனிடமே போய் என் பேரை எடு என்று கெஞ்ச வேண்டும். ஆள் விட்டுக் கேட்டதற்கு, "அவ பேரு இங்கதான் கெடக்கும்"னு சொல்லி அனுப்பினான். என்னிடம் இருப்பது அந்தக் கார்டின் ஜெராக்ஸ் ஒன்றுதான்.

20 ஜூன்
பிரவுசிங் சென்டர் சுருளி அண்ணன் என் இணையதளத்தை ஏற்றிக் கொடுத்தார். அடி வாங்கும் பெண்கள் மனுவை எங்கே கொடுப்பது, இலவச வக்கீலை யாரிடம் கேட்பது என்று நான் அலைந்து தெரிந்துகொண்டது எல்லாம் அதில் இருக்கிறது. என் பேர் எங்கும் இல்லை.

9 ஜூலை
செல்லில் எவனோ. "எம் பொண்டாட்டிக்குப் புத்தி சொல்லிக் குடுக்குறது நீதானடி, ரோகிணி?" தெருப் பேரையும் கதவு எண்ணையும் சொன்னான். எப்படித் தெரிந்தது?

10 ஜூலை
தெரிந்துவிட்டது. தளத்தின் பேரைத் தட்டினால் அது யாருடையது என்று பதிவேடு சொல்லுமாம். யாரும் பார்க்கலாமாம். சுருளி தட்டிக் காட்டினார். என் பேர், நான் குடியிருக்கும் ஒத்தக்கடை வீடு, செல் நம்பர், எல்லாம் ஊருக்கே தெரிய.

"ஃபாரத்துல கேட்டுச்சு தாயி. பொய் விலாசம் குடுத்தா தளத்தப் புடுங்கிருவாக."

எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாண்ணே? தோணலையாம். தோணலையாம்ல.

14 ஜூலை
சூரியபிரகாஷ் வந்துட்டான். எதிர்ச் சுவரோரம் பைக்கை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

"கம்ப்யூட்டர்லயே விலாசத்தை எழுதி வச்சிருக்க. என்னையத்தான கூப்பிடுற?"

கதவை உதைத்தான். வீட்டுக்காரி செல்லக்கிளி அக்கா தெருவையே கூட்டிய பிறகுதான் போனான். இந்த எழுத்தைப் பாரு, கோழி கிண்டின மாதிரி.

16 ஜூலை
தளத்தின் பேரைப் பதிந்த நிறுவனத்துக்கு எழுதியதற்குப் பதில் வந்தது. தளத்துக்குப் பின்னால் யார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டுமாம். மறைக்க முடியாதாம். மாற்றலாம், ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டும்.

போன மாசம் வெளிநாட்டு வேலை என்று தளம் போட்டு ஏமாற்றிய ஒருவனைச் சுருளி இதே பதிவேட்டில்தான் பிடித்தார். சரிதான். நான் யாரை ஏமாத்தினேன்?

18 ஜூலை
வீடு மாறிவிட்டேன். எங்கே என்று இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

19 ஜூலை
ஆதாரம்தானே? ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். ரோகிணி, மனைவி, கொட்டாம்பட்டி. அரசாங்கமே சொல்கிறது. அந்த விலாசத்தையும் அவன் வீட்டு போன் நம்பரையும் பதிவேட்டில் போடச் சொன்னேன்.

"வில்லங்கமால்ல இருக்கு தாயி."

"ரேஷன் கார்டுல உள்ளதத்தான போடச் சொல்றேன்? போடுங்கண்ணே."

போட்டார்.

5 ஆகஸ்ட்
சூரியபிரகாஷ், தளத்தை ஏற்றியவர் என்று பதிவேட்டில் இருந்த சென்டர் நம்பருக்கு போன் போட்டுக் கத்தினானாம். கண்ட ஆம்பளைகளும் வீட்டுக்கு வந்து உன் பொண்டாட்டி ரோகிணி எங்கே என்று கேட்கிறார்களாம். ஒருத்தன் பைக் கண்ணாடியை உடைத்துவிட்டானாம். போன் ராத்திரி பகலாக அடிக்கிறதாம்.

சிரித்தேன். சிரிக்கக் கூடாதா? அந்த வீட்டில் மாமியாரும் இருக்கிறாள். இருக்கட்டும். நான் கத்தினப்ப டீவி சத்தத்தைக் கூட்டி வச்சவதானே. இப்பக் கூட்டட்டும்.

6 ஆகஸ்ட்
இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை.

21 ஆகஸ்ட்
பழைய வீட்டுக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்திருந்தது. செல்லக்கிளி அக்கா வாங்கி வைத்து, சென்டரில் கொண்டுவந்து கொடுத்தாள். அனுப்பியது சூரியபிரகாஷ். உள்ளே பெயர் நீக்கச் சான்று, சீலோடு. கடிதம் எதுவும் இல்லை. ஒன்றரை வருஷமாகக் கேட்டும் கிடைக்காத காகிதம்.

நான் அதை இரண்டு முறை படிப்பதைச் சுருளி அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்டுல பேரு எடுத்தாச்சு, இப்ப அந்த விலாசம் பொய்யாப் போச்சே தாயி. மாத்திரவா?"

"எவனாச்சும் ஆதாரம் கேக்கட்டும்ணே. அப்பப் பாத்துக்கிருவோம்" என்றேன்.