சவுக்காரத்தால் அடைத்த டாங்கி

1913 ஏப்ரல் 28, திங்கள்

பெட்ரோல் டாங்கி ஒழுகுகிறது. காலையில் மோட்டார் லாஞ்சின் அடிப்பலகையைத் தூக்கினால் மூக்கைப் பிடிக்கும் பெட்ரோல் நெடி. அடிமூலையில் துரு தின்ற இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. யாரோ ஒரு துரை ஓட்டித் தள்ளிவிட்ட கிழட்டுப் படகு. அதை மச்சான் வாங்கினார், எஞ்சினை என் தலையில் கட்டினார். கப்பலுக்கு ஆள் ஏற்றி இறக்க எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்.

மச்சான் நாகூர் கனி, என் மனைவி பதுருன்னிசாவின் அண்ணன். படகும் அவருடையது, வீடும் அவருடையது. கடல் தாண்டி வந்த இந்த ஊரில், டன்லப் தெருவில் அவர் மாடியறையில்தான் நானும் அவளும் குடியிருக்கிறோம்.

ஏப்ரல் 30, புதன்

டாங்கியைக் கழற்றித் தகர வேலை செய்யும் சீனரிடம் தூக்கிப் போனேன். கட்டைவிரலால் அழுத்தினார், இன்னொரு ஓட்டை விழுந்தது. இதில் நெருப்பு வைக்க மாட்டேன், புதிது செய்ய மூன்று வாரம் ஆகும் என்றார்.

மச்சானிடம் அதைச் சொல்லத்தான் போனேன். அவரோ நாலு பேரை வைத்துக்கொண்டு, எங்க மாப்புள கை பட்டால் எந்த எஞ்சினும் பேசும் என்று அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன மாப்புள, சரியாயிருச்சா?" என்றார்.

ஆயிருச்சு என்றேன்.

ஏன் சொன்னேன்? நாலு பேர் முன்னால் கெட்டிக்காரனாக இருக்க ஆசை. வேறென்ன.

மே 3, சனி

துணி துவைக்கிற சவுக்காரத்தைப் பஞ்சோடு பிசைந்து இரண்டு ஓட்டையையும் அடைத்திருக்கிறேன். எஞ்சின் அதிரும்போது பிதுங்கிவிடுகிறது. தினமும் யாரும் வருமுன் புதிதாக அடைக்கிறேன், திருடன் மாதிரி. ஏறுகிறவர்கள் யாராவது சுருட்டை எடுத்தால், மச்சானுக்குப் பிடிக்காது என்று சொல்லித் தடுக்கிறேன்.

மே 8, வியாழன்

இந்த ஊர் தர்காவில் கந்தூரி விழாக் கொடி ஏறிவிட்டது. பத்தாம் நாள் வழக்கம்போல லாஞ்சில் ஃபாத்திஹா ஓதுவோம். நாகூர் ஆண்டவர் கடலில் போகிறவர்களைக் காப்பவராயிற்றே. லெப்பை சாம்பிராணிச் சட்டியோடு படகுக்குள் இறங்கி, மூலை முடுக்கெல்லாம் புகை காட்டி ஓதுவார். எஞ்சின் அறைக்கும் காட்டுவார்.

நெருப்புச் சட்டி. இதை எப்படி மறந்தேன்?

மே 15, வியாழன்

கூட்டம் அதிகமாக இருக்கும், துறையிலேயே ஓதிக்கொள்ளலாமே என்று மச்சானிடம் சுற்றி வளைத்துச் சொன்னேன். வருஷா வருஷம் படகில்தான் ஓதுகிறோம், உங்களுக்கு மட்டும் என்ன புதிதாக என்று முறைத்தார். ஓதி முடித்ததும் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றி வரவேண்டுமாம். டாங்கியை முட்ட நிரப்பச் சொல்லிவிட்டார்.

நாளை சொல்லிவிட வேண்டும்.

மே 16, வெள்ளி

சொல்லவில்லை.

மே 17, சனி

இன்று கந்தூரி பத்தாம் நாள்.

காலையிலேயே போய் அடித்தளத்தை இறைத்துக் கழுவினேன். நெடி போகவில்லை. ஒன்பது மணிக்குப் படகில் பதினோரு பேர். பதுருன்னிசா மற்றப் பெண்களோடு முன்பக்கம். லெப்பை சேக் தாவூது படிக்கட்டில் இறங்கி வந்தார், கையில் கனன்றுகொண்டிருந்த சட்டி. நில்லுங்க, ஒழுகுது — இரண்டு வார்த்தை. வாயில் வரவில்லை. அவர் ஒரு காலைப் படகில் வைத்ததும் என் கை தானாகப் பாய்ந்து தட்டிவிட்டது. சட்டி கடலில் விழுந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஆண்டவரின் சாம்பிராணியைத் தட்டிவிட்ட பாவி நான்.

எல்லோரும் போனபின் மச்சான் அடிப்பலகையைத் தூக்கினார். விரலை நனைத்து முகர்ந்தார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சொல்லல?"

"ஆயிருச்சுன்னு சொல்லிட்டேனே, மச்சான்."

பலகையைத் திரும்பப் போட்டு மூடிவிட்டு, "இது வெளிய தெரிஞ்சா நம்ம லாஞ்சுல ஒருத்தன் ஏறமாட்டான்" என்றார்.

ஆக, நான் இப்போதும் வாயைத் திறக்கக் கூடாது.

மே 19, திங்கள்

எஞ்சின் கோளாறு என்று சொல்லி லாஞ்சைக் கட்டிப் போட்டிருக்கிறோம். தெருவில் நான் சலாம் சொன்னால் பதில் வருவதில்லை. பதுருன்னிசா மட்டும்தான் என்ன நடந்தது என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தப் பதினோரு பேர்ல நானும் இருந்தேன்ல" என்றாள். அப்புறம் அழுதாள்.

மே 23, வெள்ளி

பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகை முடிந்ததும் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அழுதும் விட்டேன், பொய்யாக அல்ல. சட்டியைத் தட்டியதற்கு அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கோ ஒழுகிய அந்த மூன்று வாரமும் படகில் ஏறி இறங்கினவர்களின் முகங்கள்தான் வந்தன. மச்சான் தலையைத் தூக்கவே இல்லை.

ஜூன் 7, சனி

புது டாங்கி ஏறியாயிற்று. லெப்பை மறுபடி சட்டியோடு வந்தார். நான் மறுபடியும் தட்டிவிடுவேன் என்று என்னைக் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜமாத்துப் பெரியவர் ஒலி முகம்மது என் தோளைப் பிடித்தபடி காவலுக்கு நின்றார்.

மச்சான் படியில் இறங்குமுன் என் காதருகே குனிந்தார். "டாங்கியில ஒரு சொட்டு ஊத்தல. ஓதி முடியட்டும், நீங்க வந்து ஊத்துங்க."

புகை எஞ்சின் அறைப் பக்கம் போயிற்று. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.