அம்புக்குறிகளுக்குப் பின்னால் ஒரு கல்யாணம்

இன்று காலை சாகுபுரத்திலிருந்து என் கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தது. ஆன் செய்தால், ஃபோல்டர் இருந்த இடத்தில் எல்லாம் அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டுகள். பழைய வைரஸ்தான். மதியத்துக்குள் சுத்தம் செய்துவிட்டேன். முடித்த கையோடு உன்னிடம் சொல்லத் திரும்பினேன். நீ போய்ச்சேர்ந்த பிறகும் என் கழுத்து நீ உட்காரும் பக்கமே திரும்புகிறது, நண்பா.

திரேஸ்புரத்தில் நாம் சேர்ந்து ஸ்டுடியோ நடத்தியபோது இதே வைரஸ் நம் கம்ப்யூட்டரில் ஏறியது. உள்ளே அமலியின் கல்யாண வீடியோ. அதை நாம் எடிட் செய்து முடிப்பதற்குள் அவளுடைய அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். வீடியோவைக் கேட்டு அவள் வந்த அன்று, திரை முழுக்க எதைத் தட்டினாலும் திறக்காத அம்புக்குறிகள்.

“அண்ணே, அப்பா என் கையப் புடிச்சிக் கோயிலுக்குள்ள கூட்டிட்டு வாரது அதுல மட்டுந்தாம் இருக்கு,” என்றாள்.

நான் உன்னை ஓரமாக இழுத்தேன். “எல்லாம் அழிஞ்சிட்டுல. பார்மட் போட்டுருவோம்.”

“கூறுகெட்டவனே, அழிஞ்சிருந்தா டிஸ்க்குல எடம் காலியாயிருக்கணும்லா? நெறஞ்சுதான கெடக்கு. படம் உள்ளதாம்ல ஒளிஞ்சிருக்கு.”

நெட் ஒயரைப் பிடுங்கினாய். சேஃப் மோடில் திறந்து ஸ்கேன் போட்டாய். வைரஸ் சிக்கியது, அழித்தாய். மறுபடி ஆன் செய்ததும் அதே அம்புக்குறிகள். இன்னொரு முறை அழித்தும் திரும்பி வந்தது. அமலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ மட்டும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாய். பின்பக்கம் சொருகியிருந்த கார்டு ரீடரில், வேறொரு வேலைக்கு எடுத்த கேமரா கார்டு அப்படியே இருந்தது.

“இங்கனல்லா இருக்கான் திருடன்! அழிக்க அழிக்க இதுலேர்ந்துதாம்ல திரும்ப ஏறுதான்!”

அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி சுத்தம் செய்தாய். ஆன் செய்தோம். அம்புக்குறிகள் வரவில்லை. மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி மாற்றியதும் ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

திரையில், வெள்ளைச் சட்டையில் அமலியின் அப்பா நடந்து வந்தார். பாதி வழியில் கேமராவைப் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு சிரித்தார். “எப்பா!” என்று அமலி திரையைத் தொட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன அவளுக்கு. நீ மேசையைக் குத்தி, “செயிச்சிட்டோம்ல!” என்று போட்ட கூச்சலில், பக்கத்து ஐஸ் கடைக்காரர் கிரிக்கெட் என்று நினைத்து ஸ்கோர் கேட்டு ஓடிவந்தார்.

இப்போதும் யாராவது முகம் வாடிப்போய் வந்து நின்றால், “பாத்துட்டுச் சொல்லுதேன், உக்காருங்க,” என்கிறேன். உன் குரலில்தான் அது வருகிறது. வேலை முடிந்ததும் மேசையை ஓங்கி ஒரு குத்து. கடையில் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் ஒருநாளும் மெதுவாகக் குத்தியதில்லை.