உன் அறையில் மட்டும் வெளிச்சம்

கடல் தாண்டிப் போயும் வாலைச் சுருட்டிக்கொள்ளாத என் அருமை மருமகளுக்கு, மாமா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதாக நம்புகிறோம். நம்பாவிட்டால் உன் அம்மா என்னைத் திட்டுகிறாள்.

நீ அடம்பிடித்து வாங்கிக் கொடுத்த சோலார் மாடியேறிவிட்டது. அதைப் பார்த்து சூரியனே வெட்கப்பட்டு மேகத்துக்குள் போய்விட்டான். பேட்டரி மாடிப்படிக்கு அடியில் மகாராஜா மாதிரி வீற்றிருக்கிறது, நான் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போகிறேன். ஆனால் கரண்ட் போனால் மகாராஜா வீடு முழுக்கத் தாங்கமாட்டாராம், எந்த அறைக்கு லைன் கொடுக்கட்டும் என்று எலக்ட்ரீஷியன் கேட்டிருக்கிறார். நான் மாடியில் சூரியனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்ததால் பதில் சொன்னவள் உன் அம்மா. ஆக்சிஜன் மெஷின் அவள் அறையில், அதற்காகத்தானே நீ இத்தனை பாடுபட்டாய், வேறெதைச் சொல்லப்போகிறாள் என்று நானும் கேட்கவில்லை.

முந்தாநாள் மத்தியானம் வானத்தையே கவிழ்த்துக் கொட்டினாற்போல் மழை. கரண்ட் போனதும் நான் சாரலடிக்கும் திண்ணையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். உன் அம்மாவின் மெஷின் வீலென்று கத்திவிட்டு நின்றது. பதறி ஓடினால் வீடே இருட்டு, சாத்திக் கிடக்கும் உன் அறைக் கதவுக்கு அடியில் மட்டும் வெளிச்சம்! காலையில் தூசி தட்டப் போனவள் விளக்கை அணைக்க மறந்திருக்கிறாள். ஒரு கையில் மெஷின், மறு கையில் அக்கா, உன் கட்டிலில் படுக்கவைத்து உன் பிளக்கில் மாட்டினேன். மூச்சு சீரானதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "ஈரக்காலோட நிக்காதடா, இப்பத்தான் துடைச்சேன்." லைனை ஏன் இந்த அறைக்குக் கொடுக்கச் சொன்னாய் என்று கத்தினேன். "புள்ள வர்ற அன்னைக்குக் கரண்ட் போனா, அவ இருட்டுல புழுங்கணுமா? எனக்குப் பழகிப்போச்சுடா" என்றாள். மறுநாள் எலக்ட்ரீஷியன் லைனை மாற்றித் தருகிறேன் என்று வந்தார். "ஒயர் மேல கை வைக்காதீங்க தம்பி" என்று விரட்டிவிட்டாள். கடைசியில் ஒயர் நகரவில்லை, உன் அம்மாதான் நகர்ந்தாள். இப்போது அவளுக்கும் மெஷினுக்கும் உன் அறைதான். நேற்றும் கரண்ட் போனது, மெஷின் கண்கூட இமைக்கவில்லை. நீ பயப்படாதே.

இதை உன்னிடம் வாய் திறந்து சொல்லக்கூடாது என்று உத்தரவு. நான் வாயைத் திறக்கவேயில்லை, எழுதத்தான் செய்கிறேன். லீவுக்கு மனுப் போட மறக்காதே. உன் அம்மா இன்னும் சுவரோரமாக ஒடுங்கித்தான் படுக்கிறாள், கட்டிலில் பாதி உனக்காகக் காலியாக இருக்கிறது.

நூறாண்டு குறையாமல் நன்றாயிரு.

மகாராஜாவின் மெய்க்காப்பாளன்,
உன் மாமா