பல்லைக் காட்டச் சொன்ன மோட்டார் சைக்கிள்

ஜீயபுரம்,
விய வருஷம் கார்த்திகை 23, ஞாயிறு.

என் கண்ணான மகன் அழகர்சாமிக்கு அம்மா மயிலம்மாள் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி பொன்னுத்தாய் எழுதும் கடிதம். இங்கே நான், இவள், எருது இரண்டு, ஈன்று ஒன்பது நாளான பசு, அதன் கிடேரிக் கன்று எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று இவள் வாசித்துக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும், ஆகையால் பதிலில் அதை முதல் வரியாகப் போடவும். வாழைக்குக் கடைசித் தண்ணீர் பாய்ச்சியாகிவிட்டது. நான் பேசுகிறபடி எழுதடி என்றால் இவள் எல்லாவற்றையும் இலக்கணமாக்கி எழுதுகிறாள், நான் பேசுவது போல இல்லாவிட்டாலும் நான்தான் என்று தெரிந்துகொள்.

உன் கடிதம் வந்தது. ஆதோனிப் பக்கம் முப்பத்தோரு கிராமத்துக்கு ஊசி போடுவது உன் பொறுப்பு என்றும், ஐப்பசியில் ஒரு ஊருக்குக் கட்டை வண்டியில் போய்ச் சேர இரண்டு நாள் பிந்திவிட்டது, அதற்குள் காலராவில் நாலு உயிர் போய்விட்டது, ஊசி மருந்து உன் பெட்டியிலேயே இருந்தது என்றும் எழுதியிருந்தாய். இவள் அதை வாசிக்கும்போது நான் துவையல் அரைத்துக்கொண்டிருந்தேன், கை நின்றுவிட்டது. உனக்கு ஒரு வண்டி வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் நீ கேட்டிருப்பது உன் ஆபீஸ் சிநேகிதர் தைரியராஜின் மாமா விக்டர் என்பவர் புத்தூரில் வைத்திருக்கும் பழைய மோட்டார் சைக்கிளை. நாங்கள் பார்த்துச் சரி என்றால் ரயிலில் ஏற்றி அனுப்பச் சொல்லலாம் என்கிறாய். நீயோ மிதிவண்டியிலேயே வாய்க்காலுக்குள் போனவன், மோட்டாரில் ஒரு நாளும் ஏறினவன் இல்லை. அதனால் முதலில் இவளை அனுப்பினேன். இவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பளபளவென்று இருக்கிறது அம்மா, ஒரே உதையில் கிளம்பியது, சர்க்கார் புத்தகம் எல்லாம் சரியாக இருக்கிறது, வாங்கலாம் என்றாள். நீ வருவது அவருக்கு முன்னாலேயே தெரியுமா என்று இவளைக் கேட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று கார்டு போட்டேனே என்றாள். பி.ஏ. படித்த பிள்ளை, மரியாதையாகத்தான் செய்திருக்கிறாள். மாடு பார்க்கப் போகிறவர் யாராவது கார்டு போட்டுவிட்டுப் போவார்களா சொல். மணப்பாறைச் சந்தையில் கால் விறைத்த மாட்டை விற்கிறவன் நாம் வருமுன்னே நாலு சுற்று நடத்தி விறைப்பை எடுத்துவிட்டுத்தான் நிறுத்துவான். அந்த வண்டி நீ வருமுன்னே எத்தனை நேரம் ஓடிச் சூடாகி நின்றதோ என்றேன்.

அண்ணா, இது பொன்னுத்தாய். அம்மா பசுவுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார்கள், அதற்குள் என் பங்குக்கு எழுதிவிடுகிறேன். நான் பார்த்துவிட்டு வந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்கு இலைக்கட்டு ஏற்றிப் போகும் வண்டியிலேயே நாங்களும் ஏறி, பொழுது புலரும்போது புத்தூரில் இறங்கினோம். விக்டர் ஐயா வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்ற பெரிய மனிதர். அம்மா கும்பிட்டுவிட்டு நேரே வண்டியிடம் போய், கன்றுக்குட்டி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது போல எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார்கள். சில்லுன்னு இருக்கு, இப்பக் கிளப்புங்கய்யா என்றார்கள். நான் எண்ணினேன், பதினோராவது உதையில்தான் கிளம்பியது, தெருவெல்லாம் நீலப் புகை. ஐயா வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். படிச்ச பொண்ணு வருதே, வெயில்ல நிக்க வெக்கக் கூடாதேன்னு அன்னைக்கு அரை மணி முன்னாடியே ஓட்டி வெச்சிருந்தேம்மா என்றார். உங்களுக்கு நல்ல மனசுய்யா, ஆனா எம்மவன் போற காட்டுல யாரு முன்கூட்டி ஓட்டி வெப்பா, ஊசிக்குக் காத்திருக்கிற சனம் பதினோரு உதை பொறுக்குமா என்று அம்மா கேட்டார்கள். பிறகு மாட்டுக்குக் கேட்பது போல வண்டிக்கு வயது கேட்டார்கள். பதினைந்து என்றதும், பல்லைக் காட்டுங்க என்றார்களே பார்க்கலாம்! எனக்கு இலைக்கட்டுக்குள் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது. ஐயாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார், சிரிக்கவில்லை. கீழே குந்தி, சங்கிலியை மூடியிருந்த தகரத்தைக் கழற்றி, சங்கிலி மாட்டும் சக்கரத்தைக் காட்டினார். பற்கள் தேய்ந்து எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. முப்பது வருஷம் எஞ்சின் ஓட்டியிருக்கேன், வண்டிக்குப் பல்லைப் பாக்கணும்னு சொன்ன முதல் ஆள் நீங்கதாம்மா, இதை நானே சொல்லியிருக்கணும் என்றார். அதன் பிறகு நாங்கள் கேட்காமலே பின்சக்கர பிரேக் நழுவுவது, மழையில் விளக்கு அணைவது எல்லாவற்றையும் சொன்னார். நான் முதல் நாள் நோட்டில் இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தேன், நம்பர், நிறம், செய்த வருஷம் என்று. ஒன்றும் தப்பில்லை, ஒன்றாலும் உபயோகமில்லை. என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது என்று காலேஜில் நான் யாரிடமும் சொன்னதில்லை அண்ணா. அன்றைக்கு அந்தத் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, இவங்கதான் எங்கம்மா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. அம்மா வந்துவிட்டார்கள்.

இத்தனை நேரம் என்ன எழுதினாய் என்று கேட்டால் ஊர்ச் சேதி என்கிறாள். இருக்கட்டும். இனி நான் சொல்லுவதை எழுத இவளுக்கு வெட்கம். ஒரு எழுத்து விட்டாலும் தபால்காரர் மீரானிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பேன் என்று மிரட்டித்தான் எழுத வைக்கிறேன். புதுசாகப் பழகுகிறவனால் இதைக் கிளப்ப முடியுமா என்று நான் கேட்டதற்கு, பலம் வேண்டாம் வரிசைதான் வேண்டும் என்று விக்டர் ஐயா சொல்லிக் காட்டினார். பெட்ரோல் கிண்ணத்தின் பொத்தானைக் கசியும்வரை அழுத்த வேண்டும், கைப்பிடியில் உள்ள சின்னக் குச்சியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், மிதி இறுகும் இடத்தைக் காலால் தேடிப் பிறகுதான் உதைக்க வேண்டும். மறுநாளும் இலை வண்டியில் போனோம். நீ உதைடி என்றேன். நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் தலை குனிகிற பிள்ளை, கொசுவத்தைச் செருகிக்கொண்டு நின்றாள். முதல் உதையில் அந்தக் குச்சியை மறந்துவிட்டாள், மிதி திருப்பி அடித்துக் கணுக்கால் வீங்கிவிட்டது. போதும் வா என்றேன், கேட்கவில்லை. மூன்றாவது உதையில் கிளம்பியது பார், விக்டர் ஐயா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிவிட்டார். தான் பாடம் சொல்லும் ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கூடத்தில் படி தடுக்கியது என்று சொல்லிக்கொண்டு ஒரு வாரமாகியும் நொண்டி நடக்கிறாள். பெற்றவள் நானே பிள்ளையைப் புகழக் கூடாது, ஆனாலும் எழுதடி.

ஆகையால் என் முடிவைக் கேள். புது ஆளுக்குப் பழைய வண்டி ஆகாது என்று நான் சொல்லவில்லை. அதன் குறை எல்லாம் இப்போது நமக்குத் தெரியும். வண்டியைப் பார்த்தாகிவிட்டது, இனி உன்னைத்தான் பார்க்க வேண்டும். பொங்கலுக்குப் பத்து நாள் லீவு எடுத்துக்கொண்டு வா. அதற்குள் பல் சக்கரமும் சங்கிலியும் மாற்றி, பிரேக்கையும் விளக்கையும் சரி பண்ணி, தை முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக ஐயா வாக்குக் கொடுத்திருக்கிறார், உனக்கு ஓட்டவும் பழக்குவார். ஐந்து நாள் விடியற்காலையில் நீயே தனியாக அதைக் கிளப்ப வேண்டும். கீழே சாய்த்துவிட்டுத் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும். காவிரிக்கரை ரோட்டில் ஜீயபுரம்வரை ஓட்டி வந்து என் முன்னால் நிறுத்த வேண்டும். அப்புறம் ரயிலில் ஏற்று. முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் ஆபீஸில் ஒரு மட்டக்குதிரை கேள். வீறாப்புக்காக மட்டும் வாங்காதே, உன்னை எதிர்பார்த்து முப்பத்தோரு ஊர் இருக்கிறது. நீ வராவிட்டால் வண்டி இவளுக்கு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விக்டர் ஐயா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ரங்கநாதர் துணையால் நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். கொதித்து ஆறின தண்ணீர்தான் குடிக்க வேண்டும், ஊருக்கெல்லாம் சொல்லுகிறவன் நீயும் செய்.

இப்படிக்கு உன் அம்மா,
மயிலம்மாள் (கைநாட்டு)

அண்ணா, எல்லாம் அம்மா சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நீங்கள் கட்டாயம் வரவேண்டும். ஆனால் வருவதாக இருந்தால் சீக்கிரம் வந்துவிடுங்கள். அது மூன்றாவது உதையில் கிளம்பிய சத்தம் என் காதைவிட்டு இன்னும் போகவில்லை.