நான்கு கிலோமீட்டர் நீள அலை

18 ஏப்ரல் 1998, சனி

உருளைக்கிழங்கு ஊன்றியாயிற்று. நூறு வரிசை என்று நண்பன் யுப்பிடம் சொன்னேன். பத்து இருக்கும், ஆனால் நீளமான பத்து.

மாலையில் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டுத் தோட்டம் வாடகைக்கு விட்டிருக்கும் ‘மகிழ்ச்சி மண்வெட்டி’ தோட்டச் சங்கத்தின் கூட்டம். சங்கக் குடிலில் தொங்கிய பழைய கடிகாரம் ஈஸ்டரோடு செத்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் சண்டை. மதியம் ஒன்று முதல் மூன்று வரை அமைதி நேரம், தோட்டத்தில் எந்த மிஷினும் ஓடக்கூடாது. ஆனால் ஒருவன் கைக்கடிகாரத்தில் மணி ஒன்று ஆகிவிட்டது, அடுத்த வேலிக்காரன் கடிகாரத்தில் இன்னும் ஆகவில்லை. என்ன செய்ய?

தலைவர் கிஸ்பெர்ட் ரேடியோக் கடிகாரம் வாங்கலாம் என்றார். பிராங்க்ஃபர்ட் பக்கம் மைன்ஃப்ளிங்கனில் உள்ள கோபுரம் அணுக் கடிகாரத்தின் நேரத்தை நாடு முழுக்க ரேடியோ அலையில் அனுப்புமாம். கடிகாரம் அதைக் கேட்டுத் தன் முட்களைத் தானே திருப்பிக்கொள்ளுமாம்.

“மாட்டத் தெரிஞ்சவங்க யாரு?”

நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

“அந்தக் கோபுரத்துக்கு நானே பீர் கொண்டுபோயிருக்கேன்,” என்றேன். பீர் லாரியில் ஒருமுறை அந்த வழியாகப் போனது உண்மை. தூரத்தில் தெரிந்தது. “உள்ள கூட்டிட்டுப் போய் அணுக் கடிகாரத்தையே காட்டினாங்க.”

“தொட்டுப் பாத்தியா?” என்றான் யுப், பீர்க் குழாய்க்குப் பின்னாலிருந்து.

“தொட விடல. ஆனா கிட்ட போனா சூடு அடிச்சுது.”

முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டி ஒரு நாள்கூடத் தாமதமாகாத ஒரே டிரைவர் நான்தான் என்று கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினேன். இதில் மட்டும் கலப்படமே கிடையாது. ஏகமனதாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

25 ஏப்ரல், சனி

கடிகாரம் வந்துவிட்டது. வட்டமான வெள்ளை முகம், கறுப்பு முட்கள், பின்னால் இரண்டு பொத்தான்கள். கையேட்டை இரண்டு முறை படித்தேன். யுப்பிடம் படிக்கவே தேவையில்லை என்று சொன்னேன்.

பேட்டரியைப் போட்டதும் — அடேயப்பா! யாரும் தொடாமலே முட்கள் பறந்தன. பெரிய முள் சுற்றிச் சுற்றி ஓடி, பன்னிரண்டில் வந்து இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் நாய் மாதிரி. இப்போது அது கோபுரத்தைக் கேட்கிறதாம். பொத்தானைத் தொடாமல் காத்திருக்க வேண்டுமாம்.

காத்திருந்தேன். பீர் ஒன்று தீர்ந்தது. இரண்டாவதும் தீர்ந்தது. கடைசியில் கடிகாரம் தூங்கி எழுந்தவன் போலப் பன்னிரண்டிலிருந்தே நடக்க ஆரம்பித்தது. வெளியே மணி நாலரை.

ஏன் கேட்கவில்லை?

26 ஏப்ரல், ஞாயிறு

கிழக்குச் சுவர், தெற்குச் சுவர், ஜன்னலோரம். எங்கே வைத்தாலும் பன்னிரண்டு.

கையேட்டில் ஒரு விஷயம் போட்டிருக்கிறது, மதியச் சாப்பாட்டில்கூட மனம் அதிலேயே இருந்தது. அந்த அலையின் நீளம் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர். ஓர் அலை! நம் தோட்டத்தில் தொடங்கினால் கால்வாயைத் தாண்டிச் சந்தைக்குப் போய்விடும். அவ்வளவு நீளமான சாமான் எங்கள் குடிலுக்குள் எப்படி நுழையும்? மடிந்து வருமா? சுருட்டிக்கொண்டு வருமா? கையேடு எழுதியவனுக்கே இந்தச் சந்தேகம் வந்திருக்காது. எனக்கு வருகிறது.

30 ஏப்ரல், வியாழன்

நாளை மே தின விருந்து. கிஸ்பெர்ட் வேலிக்கு வெளியே நின்று, “எவால்ட், கடிகாரம் ரெடியா? நாளைக்கு எல்லாருக்கும் காட்டணும்,” என்றார்.

“பிராங்க்ஃபர்ட்காரன் லைன்ல இருக்கான்,” என்றேன்.

பின்பக்கத்தில் கையால் திருப்பும் பொத்தானும் இருக்கிறது. என் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருப்பினேன், மாட்டினேன். இதில் என்ன தப்பு? கோபுரம் சொல்ல நினைத்ததை நான் சொல்லிவிட்டேன். நேரம் ஒன்றுதானே.

1 மே, வெள்ளி

வெற்றி! பன்றி இறைச்சி வறுபடும் புகைக்கு நடுவே எல்லாரும் கடிகாரத்துக்குக் கீழே வரிசையாக நின்று கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். மாதா கோயிலில்கூட இப்படி வரிசை பார்த்ததில்லை. “இனிமே தோட்டத்துக்குள்ள இதுதான் சட்டம்,” என்றார் கிஸ்பெர்ட். அவர் மனைவி ஹெல்கா தங்கள் தோட்டக் கொட்டகையின் சமையலறைக் கடிகாரத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எதிர்த் தோட்டத்து ட்ராவ்டல் மட்டும் வரவில்லை. செர்ரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். போய்க் கூப்பிட்டேன்.

“எனக்கு ரேடியோ போதும். மணிக்கு மணி செய்தி சொல்றான்.”

“இது அணுக் கடிகாரம், ட்ராவ்டல். நேரா பிராங்க்ஃபர்ட்லருந்து வருது.”

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “உனக்கு ஏன் காது சிவக்குது?”

வெயில் என்றேன்.

16 ஜூன், செவ்வாய்

பிரான்சில் நடக்கும் உலகக் கோப்பைப் பந்தாட்டம் நேற்றுச் சொன்ன நேரத்துக்குத் தொடங்கவில்லை. யுப் வீட்டில் எல்லாருடைய கைக்கடிகாரமும் ஒரே நேரம் காட்டியது, டி.வி.க்காரன்தான் சில நிமிடம் பிந்தினான். “பிரெஞ்சுக்காரன் அப்படித்தான்,” என்றான் யுப். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம்.

20 ஜூன், சனி

கெட்ட நாள்.

ட்ராவ்டல் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். கிஸ்பெர்ட் குடிலுக்குள் போய்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து அவள் வேலியருகே நின்றார். அமைதி நேரம் தொடங்கி மூன்று நிமிடம் கழித்துத்தான் மிஷின் நின்றதாம்.

“மூணாவது எச்சரிக்கை, ட்ராவ்டல்.”

வேலிச்செடி உயரம் என்று ஒன்று, ஞாயிற்றுக்கிழமை சுத்தியல் அடித்ததற்கு ஒன்று, இது மூன்று. மூன்றானால் அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்குவார்கள், தோட்டம் போய்விடும்.

“நான் நிறுத்தின பிறகுதான் ஒரு மணிச் செய்தியே வந்துச்சு!”

“சங்கத்துக் கடிகாரம் அணுவிலருந்து வருது. உன் ரேடியோ அடுப்பங்கரையிலருந்து வருது.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “நீதானே மாட்டின? சொல்லு எவால்ட். அது சரியா?”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரிதான்,” என்றேன்.

21 ஜூன், ஞாயிறு

ட்ராவ்டலின் வீடு நெடுஞ்சாலைப் பக்கம், மூன்றாவது மாடி, பால்கனி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் லாரிதான். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை அவள் மூச்சு விடுவது இந்தச் செர்ரி மரத்தடியில்தான்.

என் கைக்கடிகாரம் சரி. முப்பத்தெட்டு வருஷம் சரி. அப்படியானால் ரேடியோக்காரன் தப்பா? ரேடியோக்காரன் எப்படித் தப்பாவான்?

22 ஜூன், திங்கள்

தோட்டத்தில் ஆளில்லை. துடைக்க எடுத்துப்போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடிகாரத்தைக் கழற்றினேன். ஆணி லேசாக ஆடியது. இறுக்கலாமென்று ஒரு தட்டு தட்டினேன். பலகைக்குப் பின்னால் டங் என்று சத்தம்.

டங்?

ஐயோ முட்டாளே! இந்தக் குடில் மரக் குடிலா? மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்த இரும்புப் பெட்டியல்லவா! பீர் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததே நான்தான் — ஒரு கையால் ஓட்டி, மறு கையால் பிடித்துக்கொண்டு என்று இன்றைக்கும் சொல்வேன். யுப் மேலே பலகை அடித்தான், எல்லாரும் மறந்தோம். இரும்புப் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டு ஏன் காது கேட்கவில்லை என்று கேட்டிருக்கிறேன். அலை மடிந்தும் வராது, சுருண்டும் வராது.

என் தோட்டத்து மரக்கொட்டகை வாசலில் மாட்டினேன். பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். முட்கள் ஓடிப் பன்னிரண்டில் நின்றன. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். கொஞ்ச நேரம். பிறகு பெரிய முள் அசைந்தது, விறுவிறுவென்று சுற்றியது, சின்ன முள் பின்னாலேயே போனது, ஓர் இடத்தில் நின்றது, வினாடி முள் நடந்தது. யாரோ கண்ணுக்குத் தெரியாத ஆள் விரலால் திருப்பியது மாதிரி. நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன்.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் முன்னே ஓடுகிறது.

தெருமுனை டெலிபோன் கூண்டுக்கு ஓடினேன், நேரம் சொல்லும் பெண் குரலைக் கேட்டேன். அவளும் கோபுரத்துப் பக்கம்தான். நானும் கைக்கடிகாரமும் ஒரு பக்கம், ஜெர்மனி முழுக்க ஒரு பக்கம்.

23 ஜூன், செவ்வாய்

என் மனைவி மார்லிஸின் தம்பி மகள் சில்கே வந்தாள். கைக்கடிகாரம் கெட்டுப்போச்சு, கடையில் கொடு என்றேன்.

“கெடல மாமா.” சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “உங்களுக்குத் தெரியவே தெரியாதா? அத்தைதான் அப்படி வச்சாங்க. பேட்டரி மாத்துறப்ப, கோடைக்கும் குளிருக்கும் மணியை முன்னே பின்னே மாத்துறப்ப — எப்பவும் ஆறு நிமிஷம் முன்னாடி. நீங்க எல்லாத்துக்கும் லேட்டாம். உங்க கல்யாணத்துக்கே பாதிரியார் ரெண்டு தடவை தொண்டையைச் செருமினாராம்.”

“அவ கண்ணை மூடி ரெண்டு வருஷமாச்சே?”

“இப்ப நான்தான் வைக்கிறேன். என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க.”

“ஏன் ஆறு? அஞ்சு வச்சா என்ன?”

“அஞ்சுன்னா நீங்க கண்டுபிடிச்சிருவீங்களாம்.”

24 ஜூன், புதன்

முப்பத்தெட்டு வருஷம் — அப்போ எல்லாம் அவதானா? ஊரெல்லாம் மணிக்கட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினேனே. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தாளே. ஒரு தடவையாவது சிரிச்சாளா? இல்ல. காப்பி ஊத்தினா.

26 ஜூன், வெள்ளி

நாளை கூட்டம். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. கடிகாரம் பழைய ஆணியில், பழைய ஆறு நிமிடத்தோடு தொங்குகிறது, நான்தான் திருப்பி வைத்தேன். திறந்தால் ஊர் சிரிக்கும், யுப் சாகும்வரை சிரிப்பான்.

திறக்காவிட்டால் செர்ரி மரம்.

27 ஜூன், சனி

கூட்டம் மதியம் இரண்டு மணிக்கு மேல். கிஸ்பெர்ட் தொண்டையைச் செருமுவதற்குள் நான் ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினேன்.

“எல்லாரும் வெளிய வாங்க.”

“யோவ், என்னய்யா பண்ற?” என்றார் கிஸ்பெர்ட்.

“பிராங்க்ஃபர்ட்ட நேர்ல காட்டுறேன், வாங்க.”

ட்ராவ்டலின் செர்ரிக் கிளையில் மாட்டினேன். பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். முட்கள் ஓடின, பன்னிரண்டில் நின்றன. எல்லாரும் பீர் கிளாஸோடு மரத்தைச் சுற்றி நின்றார்கள். எதுவும் நடக்கவில்லை.

“ஆப்பிள் பழுக்குறதுக்குள்ள நடக்குமா?” என்றான் யுப்.

அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன். இரும்புக் குடில், கையால் திருப்பியது, கைக்கடிகாரம், மார்லிஸ். உண்மையைத்தான் சொன்னேன், கொஞ்சம் அலங்காரத்தோடு. கோபுரத்துக்காரர்கள் எனக்குத் தந்தி அடித்ததாக ஓர் இடத்தில் வந்துவிட்டது. ஆனால் மார்லிஸ் பகுதியில் எதையும் சேர்க்கவில்லை. சேர்க்க வரவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அதற்குள் முட்கள் அசைந்தன. பெரிய முள் சுற்றியதும் யுப் இரண்டடி பின்னால் போனான். நின்றபோது மூன்றுக்கு ஆறேழு நிமிடம் இருந்தது. எல்லாரும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் மூன்று.

கிஸ்பெர்ட் நிமிர்ந்தார். “இருக்கட்டும். தோட்டத்துக்குள்ள சங்கத்துக் கடிகாரம்தான் சட்டம்னு முடிவு பண்ணினோம். எச்சரிக்கை எச்சரிக்கைதான்.”

“சங்கத்துக் கடிகாரம் இப்ப என் மரத்துல தொங்குது,” என்றாள் ட்ராவ்டல். தன் கொட்டகைக்குள் போய் ரேடியோவை எடுத்து ஜன்னல் மேல் வைத்தாள். ஒருவன் பாடிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்தச் சத்தம். மூன்றாவது தோட்டத்திலிருந்து கர்ர்ர்ர் என்று வேலி வெட்டும் மிஷின். ஹெல்கா! அமைதி நேரம் முடிந்துவிட்டதென்று அவள் சமையலறைக் கடிகாரம் சொல்லியிருக்கிறது.

ரேடியோவில் அவன் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தான்.

“கிஸ்பெர்ட்,” என்றாள் ட்ராவ்டல், சர்க்கரைக் குரலில். “அது உங்க வீட்டு மிஷின்தானே?”

கிஸ்பெர்ட் மரத்தைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “ஹெல்கா! நிறுத்து! ஏய், நிறுத்துடி!” என்று கத்திக்கொண்டே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

யுப்தான் விரல் விட்டு எண்ணினான். “அப்போ மே மாசத்துலருந்து தினமும் மூணு மணின்னு மிஷினை எடுத்தவன் எல்லாம்…”

எல்லாரும் பீர் கிளாஸுக்குள் பார்த்தார்கள். எட்டு வாரமாக அமைதி நேரத்தை மதித்த ஒரே ஆள் ட்ராவ்டல். பாட்டு முடிந்தது, ரேடியோவில் மணிச் செய்தி வந்தது, மரத்தில் பெரிய முள் நேராகப் பன்னிரண்டில் நின்றது. கிஸ்பெர்ட் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, மூன்றாவது எச்சரிக்கை செல்லாது என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். முதலில் அவர் கைதான் உயர்ந்தது.

28 ஜூன், ஞாயிறு

காலையில் என் கொட்டகை வாசலில் ஒரு கிண்ணம் செர்ரி. காகிதமில்லை, பேச்சில்லை. கொட்டைகளை வேலி தாண்டி யார் தூரமாகத் துப்புவது என்று பிறகு போட்டி. நான் ஜெயித்தேன். (அவள் ஜெயித்தாள்.)

25 அக்டோபர், ஞாயிறு

குளிர்கால நேரம் வந்துவிட்டது, நாடு முழுக்க எல்லாக் கடிகாரமும் ஒரு மணி நேரம் பின்னே. கடிகாரம் இப்போது ட்ராவ்டலின் மரக் கொட்டகை வாசலில், எல்லாரும் பார்க்கும்படி. கூட்டத்தில் முடிவானது. காலையில் போய்ப் பார்த்தேன், யாரும் தொடாமல் ஒரு மணி நேரம் பின்னால் போய் நின்றிருக்கிறது. நான்கு கிலோமீட்டர் நீளமானது எப்படி இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் வருகிறதோ, இன்னும் எனக்குப் புரியவில்லை. கோபுரத்துக்காரர்களுக்கே புரியாது என்று ட்ராவ்டலிடம் சொன்னேன். காதைப் பார்த்தாள்.

மதியம் சில்கே வந்து வழக்கம்போலக் கையை நீட்டினாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் பின்னே திருப்பினாள், பிறகு தயங்கி என்னைப் பார்த்தாள்.

“ஆறு,” என்றேன். “அத்தை வச்ச மாதிரியே.”

மூன்று மணிக்கு ட்ராவ்டல் பிளம் கேக் சுட்டு வைக்கிறாளாம். தாமதமாகப் போக முடியாது.