இரண்டு செடியாவது வேண்டும்

10.10.2021 ஞாயிறு

விதை வந்துவிட்டது. அனுமதி எடுக்க மூன்று மாதம் அலைந்ததற்குக் கிடைத்தது முப்பது தூசி. தும்மினால் போச்சு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈர மணல் தட்டில் பல்லுக்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாக வைத்தேன். வளர்ந்தால் கூழாங்கல் மாதிரி இருக்கும் பாலைவனச் செடி. தென்னாபிரிக்காவில் விதை விற்கும் ஹெஸ்டர் அம்மையார் கூடவே எழுதியிருக்கிறார்: ஒரே ஒரு மலையில்தான் இது வளர்ந்ததாம். திருடர்கள் அந்த மலையைத் தோண்டித் துடைத்துவிட்டார்களாம். வளர்த்து, விதை எடுத்து, பாதியைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். தனிச்செடி காய்க்காது, கூடவே இரண்டாவது செடியும் பூக்க வேண்டும்.

அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். "மற்ற ஆக்கள் ரோசா வைக்கினம். நீ கல்லு வளக்கிறாய்" என்றாள்.

21.10.2021

பதினொன்று முளைத்திருக்கிறது! குண்டூசித் தலையளவு பச்சை. கோட்டுக்கு மொழிபெயர்க்கப் போகுமுன் இரண்டு தரம் எண்ணினேன். வந்து மறுபடி எண்ணினேன். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பாலைவனச் செடி. எனக்கே சிரிப்பு வருகிறது.

18.02.2022 வெள்ளி

எல்லாம் போச்சு.

பிள்ளையாருக்கு வார்த்த பாலும் மஞ்சள் தண்ணியும்—முழுச் செம்பும்—அக்கா என்ர தட்டில ஊத்திப்போட்டா. கத்தினேன். "உனக்கு அறிவில்லையோ" எண்டு கத்தினேன். அறுபத்திரண்டு வயசு மனிசியை.

"அபிஷேகத் தண்ணியைக் கால் படுற இடத்தில ஊத்தலாமோ? துளசியும் பட்டுப்போச்சு. இந்த மூண்டாம் மாடியில வேற எங்க மண் இருக்கு? உன்ர கல்லுக்கும் நல்லது எண்டுதான்..."

வெறும் செம்போடு உள்ளே போய்விட்டாள்.

02.03.2022

பதினொன்றில் பத்து அழுகிவிட்டன. ஒன்று நிற்கிறது. ஒன்று இருந்தென்ன? அக்கா சோறு போடுகிறாள், கதைப்பதில்லை.

14.03.2022

ஹெந்தளையில் பூச்செடி விற்கும் ஒஸ்வால்ட் போன் எடுத்தார். "சேர் கேட்ட அதே சாதி, பெரிய செடி ஒண்டு வந்திருக்கு. எங்க இருந்து எண்டு மட்டும் கேக்காதீங்க."

போய்ப் பார்த்தேன். வேர் பிய்ந்திருந்தது. இடுக்கெல்லாம் சிவப்பு மண், கல்துண்டுகள். சட்டியில் வளர்ந்த செடி இல்லை, மலையிலிருந்து பிடுங்கியது. திரும்பி வந்துவிட்டேன். கை அரித்தது, பொய் சொல்வானேன்.

"என்ன, வாங்கேல்லையோ?" என்றாள் அக்கா. இத்தனை நாளில் அவளாகக் கதைத்தது இதுதான். "வேண்டாம்" என்றேன். காரணம் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம்.

25.06.2022

ஊரில் பெற்றோல் இல்லை. பஸ்ஸில் சனம் தொங்குகிறது. அந்த நெரிசலில் அக்கா தனியே ஹெந்தளைக்குப் போய் வந்திருக்கிறாள். கையில் பேப்பரில் சுற்றிய அதே செடி.

"விலைக்குப் பயந்துதானே விட்டிட்டு வந்தனீ? இந்தா. இனி ரெண்டாச்சு."

முகம் முழுக்கச் சிரிப்பு, நான்கு மாதத்துக்குப் பிறகு. என்ன சொல்ல? கள்ளப் பொருள் வாங்கி வந்திருக்கிறாய் எண்டோ? அண்டைக்கே நான் வாய் திறந்து சொல்லியிருந்தால்!

மண்சட்டியில் நட்டேன்.

30.06.2022

இன்னும் சொல்லவில்லை.

05.10.2024

இரண்டும் ஒரே கிழமையில் பூத்திருக்கின்றன. மஞ்சள். மகரந்தம் தொட்டு வைக்கத் தூரிகையை எடுப்பதும் வைப்பதுமாக நின்றேன். திருடிய செடிதான், ஆனால் அது என்ன குற்றம் செய்தது? அதன் மலையில் இப்போது ஒன்றும் இல்லை. இப்படி நினைப்பது நியாயமா, எனக்கு நானே சொல்லும் சாட்டா? தெரியவில்லை.

"பூ வாடப்போகுது. என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" என்றாள் அக்கா.

ஒன்றில் தொட்டு மற்றதில் வைத்தேன்.

12.04.2025

காய்ந்த காய்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் விரிந்தது. நாற்பத்தேழு விதை. ஹெஸ்டர் அம்மையாருக்கு எல்லாவற்றையும் எழுதினேன், ஒஸ்வால்டின் செடி உட்பட. மறைத்து அனுப்ப மனம் வரவில்லை.

20.04.2025

பதில் வந்தது. "உண்மையைச் சொன்னதற்கு நன்றி. கொள்ளையடித்த செடியின் விதையை நான் ஏற்கமாட்டேன். வாங்க ஆள் இருப்பதால்தான் அந்த மலை வெறுமையானது. இனி உங்களுக்கு விதை அனுப்புவதற்கில்லை."

அவர் சொன்னது சரி.

அக்கா பக்கத்தில் வந்து இருந்தாள். "அந்த மனிசி என்ன எழுதியிருக்கு? எனக்கு உந்த இங்கிலீசு ஓடாது, நீ தமிழில சொல்லு."

இருபத்தாறு வருடமாகப் புதுக்கடை நீதிமன்றத்தில் சத்தியம் செய்து மொழிபெயர்க்கிறேன். வேண்டுமென்று ஒரு சொல்லையும் மாற்றியதில்லை.

"விதை வந்த செய்தியில பெரிய சந்தோசமாம். ரெண்டாவது செடியைத் தேடித்தந்த உங்கட அக்காவுக்கு என்ர நன்றியைச் சொல்லுங்கோ எண்டு எழுதியிருக்கிறா."

"எனக்கோ?" அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "அந்த இடத்தைத் திருப்பி ஒருக்கா வாசி."

வாசித்தேன்.